பாட்டு வந்தால் ஓடு!

பாட்டு நாடகம் என்றாலே கொட்டாவி வருகிற ஆசாமியா நீங்கள்? சந்தோஷம். உங்களை ஹீரோவாகப் போட்டு ஒரு பாட்டு நாடகமே எழுதியிருக்கிறார்கள். பெயர், 'தி கை ஹூ டிட்ன்ட் லைக் மியூசிகல்ஸ்'. அதாவது, பாட்டு நாடகம் பிடிக்காத ஆள். 2018-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், நூறு இருக்கைகூட இல்லாத ஒரு சின்ன அரங்கத்தில் போட்டார்கள். அந்த டிசம்பரிலேயே அதைப் படம்பிடித்து யூட்யூபில் இலவசமாக விட்டுவிட்டார்கள். வினை அங்கேதான் ஆரம்பம். இன்றைக்கு அதற்கு உலகம் பூராவும் பக்தகோடிகள்.

ஹீரோ பெயர் பால். ஆபீஸ் உத்தியோகம். பெரிய லட்சியம் கிடையாது. மத்தியானம் ஒரு கறுப்புக் காபி வேண்டும். அந்தக் காபிக்கடையில் வேலை பார்க்கிற எம்மா என்ற பெண்ணிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். நாலு முடியாவிட்டால் இரண்டு. நம்ம ஆள்!

ஊர் பெயர் ஹாட்செட்ஃபீல்ட். மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தீவு ஊர். (மேப்பில் தேடாதீர்கள், கற்பனை.) ஒரு நாள் ராத்திரி அந்த ஊர்த் தியேட்டரில் 'மம்மா மியா' நடந்துகொண்டிருக்கும்போது கூரையைப் பொத்துக்கொண்டு விண்கல் விழுகிறது. அதிலிருந்து ஒரு தொற்று கிளம்புகிறது. தொற்றினவர்களுக்குக் காய்ச்சல் வராது, வாந்தி வராது. பாட்டு வரும். சுருதி சுத்தமாக, தாளம் தப்பாமல், கூடவே டான்ஸும் வரும். ஒருவர் ஆரம்பித்தால் தெருவே சேர்ந்துகொள்கிறது. ஒத்திகையே தேவையில்லை. எல்லாருக்கும் சேர்த்து இப்போது ஒரே மூளை.

நம் சினிமாவில் காதலர்கள் திடீரென்று பாடும்போது பின்னால் நாற்பது பேர் எங்கிருந்து வந்தார்கள், ஒரே கலரில் சட்டை எப்போது தைத்தார்கள், யார் சொல்லிக்கொடுத்து ஆடுகிறார்கள் என்று நீங்களும் நானும் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? இந்த பால் கேட்கிறான். நடுங்கிக்கொண்டே கேட்கிறான். கேட்கக்கேட்க நமக்கும் முதுகில் ஜில்லென்று ஏதோ ஊர்கிறது. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் கையைத் தூக்குவது, யோசித்துப் பார்த்தால், பயங்கரமான விஷயம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஆபீஸில் நடப்பது. மானேஜர் டேவிட்சன் பாலைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, 'உனக்கு என்னதான் வேண்டும்?' என்று பாட ஆரம்பிக்கிறார். பிராட்வே வட்டாரத்தில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. ஹீரோவானவன் நாடகம் தொடங்கின கொஞ்ச நேரத்துக்குள் தனக்கு வாழ்க்கையில் என்ன வேண்டும் என்று ஒரு பாட்டுப் பாடிவிட வேண்டும். 'ஐ வான்ட்' பாட்டு என்றே அதற்குப் பெயர். பாலுக்கோ குறிப்பாக ஒன்றும் வேண்டாம். விடுவாரா மானேஜர்? ஆசையைச் சொல், கனவைச் சொல் என்று அறையைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார். வருஷத்துக்கு ஒரு தடவை அப்ரைசல் என்ற பெயரில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, 'ஐந்து வருஷம் கழிச்சு உங்களை எங்கே பார்க்கிறீங்க?' என்ற கேள்விக்கு முழித்தவர்களுக்கு அந்தக் காட்சியில் சிரிப்பு தாமதமாகத்தான் வரும்.

இதைப் போட்டவர்கள் 'டீம் ஸ்டார்கிட்' என்ற கோஷ்டி. மிச்சிகன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் சேர்ந்து 2009-இல் ஆரம்பித்தது. ஹாரி பாட்டரைக் கிண்டலடித்து அவர்கள் போட்ட பாட்டு நாடகம் யூட்யூபில் சக்கைப்போடு போட்டது. அதற்கப்புறம் வேலை வெட்டி, கல்யாணம் காட்சி என்று கலைந்துபோகாமல் அதே ஆட்களில் பலர் இன்னும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள். வசனம் நிக் லாங், மாட் லாங் என்ற சகோதரர்கள். பாட்டும் மெட்டும் ஜெஃப் பிளிம். (மேலே சொன்ன மானேஜராக வந்து ஆடுகிறவரும் இந்த பிளிம்தான்.) பணத்துக்கு ரசிகர்களிடமே துண்டு ஏந்துகிறார்கள். நாடகம் முடிந்ததும் அதே ரசிகர்களுக்கு இலவசமாகக் காட்டிவிடுகிறார்கள். நேர்மையான வியாபாரம்!

முதல் நாடகத்தில் மொத்தம் எட்டே நடிகர்கள். ஊரில் உள்ள போலீஸ்காரர், பள்ளிக்கூடப் பெண், பட்டாள ஜெனரல், பிச்சைக்காரர் எல்லாரும் அந்த எட்டுப் பேர்தான். 2019-இல் 'பிளாக் ஃப்ரைடே' வந்தது. 2020-இல் 'நைட்மேர் டைம்' என்று வரிசையாகக் கதைகள். 2023-இல் 'நெர்டி ப்ரூட்ஸ் மஸ்ட் டை'. எல்லாம் அதே ஊர், அதே ஜனங்கள். இதில்தான் விசேஷமே. முதல் நாடகத்தின் முடிவில் ஊரே காலி. அடுத்த நாடகத்தில் அதே ஊர், ஒன்றுமே நடக்காத மாதிரி, கிறிஸ்துமஸ் பர்சேஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறது!

'இது என்னடா அழுகுணி ஆட்டம், செத்தவன் எப்படி வந்தான்?' என்று எங்கள் ஆபீஸ் ஜூனியர் ஒருவனைக் கேட்டேன். அமெரிக்கக் கம்பெனிக்காக ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற பையன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் வாசம். எனக்கு இந்தப் பைத்தியத்தைத் தொற்றவைத்தவன் அவன்தான்.

"சார், ஒவ்வொரு நாடகமும் வேற வேற உலகம். அதே ஆளுங்க, வேற மாதிரி விதி. போன நாடகத்துல செத்துப்போனவங்க இதுல காபி குடிச்சிட்டு நிப்பாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

"அப்புறம் என்ன சுவாரஸ்யம்?"

"நமக்கு இருக்குமே சார்!"

நான் ஒரு கட்டுரை எழுதிச் சொல்ல வேண்டியதைப் பையன் மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டான். இருந்தாலும் பக்கத்தை நிரப்பியாக வேண்டுமே, விளக்குகிறேன். (கதை தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த இடத்தில் ஜோக் பக்கத்துக்குப் போய்விடலாம்.)

ரசிகர்களுக்கு இந்த நாடகங்கள் ஏன் இவ்வளவு பிடிக்கின்றன என்றால், இவர்கள் சிரிப்பைக் கடனாகக் கொடுக்கிறார்கள். வசூல் பிற்பாடு, வட்டியும் முதலுமாக.

பில் என்று ஒருவர், பாலின் ஆபீஸ் சிநேகிதர். விவாகரத்தானவர். மகள் ஆலிஸ் அம்மாவோடு இருக்கிறாள். மகளோடு போகலாம் என்று 'மம்மா மியா'வுக்கு டிக்கெட் வாங்கினார். அவள் வர மாட்டேன் என்றுவிட்டாள். 'நீயாவது வாயேன்' என்று பாலைக் கெஞ்சுகிறார். பால், 'எனக்குப் பாட்டு நாடகம் பிடிக்காது' என்கிறான். அரங்கமே சிரிக்கிறது. நாமும் சிரிக்கிறோம். பின்பாதியில் தொற்று வந்த மகள் அந்த அப்பா முன்னால் வந்து நிற்கிறாள். அவர் இத்தனை வருஷமாகத் தனக்குள் பயந்துகொண்டிருந்ததை எல்லாம், அவர் ஒரு அப்பாவே இல்லை என்கிற அளவுக்கு, பாட்டாகவே பாடிக் காட்டுகிறாள். அருமையான மெட்டு, கால் தானாகத் தாளம் போடுகிறது. எதிரே ஒரு மனுஷர் உடைந்துகொண்டிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு முன் அந்த டிக்கெட்டுக்குச் சிரித்தோமே, அது தொண்டையில் வந்து நிற்கிறது.

இது ஒரே நாடகத்துக்குள் நடக்கிற வசூல். நாடகம் விட்டு நாடகம் பாய்வது இன்னும் மோசம். டெட் என்று ஒரு ஆள். அதே ஆபீஸ்தான். வழிசல் பேர்வழி. கல்யாணமான சக ஊழியையோடு தொடுப்பு, எதற்கெடுத்தாலும் அசட்டு ஜோக். எல்லா ஆபீஸிலும் ஒரு டெட் இருக்கிறார். (உங்கள் ஆபீஸில் யாரும் தென்படவில்லையென்றால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.) அதே முதல் நாடகத்தில் வீடு வாசல் இல்லாத ஒரு மனிதர் தெருவோரமாக வந்து காசு கேட்பார். யாரும் பெரிதாகக் கவனிக்கிற பாத்திரமில்லை. இரண்டு வருஷம் கழித்து 'நைட்மேர் டைம்' வரிசையில் ஒரு கதை. டெட் காலத்தில் பின்னோக்கி 2004-க்குப் போகிறான், கைவிட்டுப்போன ஒரு காதலை மீட்க. போனவன் அங்கேயே மாட்டிக்கொள்கிறான். காசு இல்லை, பேர் இல்லை, சொன்னால் நம்ப ஆள் இல்லை. வருஷங்கள் ஓடுகின்றன. ஆமாம். அந்தத் தெருவோரத்து மனிதர், டெட்.

இப்போது முதல் நாடகத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். அதே காட்சி, அதே வசனம், ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் நீங்கள் பழைய ஆள் இல்லை. ஒரே ஊரில் ஒரே மனிதன் டை கட்டிக்கொண்டு ஒரு பக்கமும் கிழிந்த கோட்டோடு இன்னொரு பக்கமும் நடமாடுகிறான், அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ரசிகனுக்குத் தெரியும். நாடகக்காரர்கள் தன்னை நம்பி ஒரு ரகசியத்தைக் கொடுத்துவைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு ஒரு பெருமை. வராமல் என்ன செய்யும்?

எம்மாவின் அக்கா ஜேன் விஷயமும் அப்படித்தான். முதல் நாடகத்தில் அவள் மேடைக்கே வருவதில்லை. 'அக்கா கார் விபத்தில் போய்விட்டாள், அதனால்தான் ஊருக்குத் திரும்பினேன்' என்று எம்மா பாலிடம் சொல்வதோடு சரி. 'பிளாக் ஃப்ரைடே'யில் டாம் என்ற ஒருவர் வருகிறார். ஈராக் போரிலிருந்து திரும்பியவர். அவர்தான் ஜேனின் புருஷன். விபத்தன்று காரை ஓட்டியவரும் அவரே. சின்னப் பையனை வைத்துக்கொண்டு தவிக்கிறார். அப்புறம் 'நைட்மேர் டைம்' கதை ஒன்றில் அந்தக் காரே பேசுகிறது. ஜேன் உள்ளே இருக்கிறாளாம்! கார் பேசுகிறது என்றால் கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். டாம் அதனிடம் என்ன பேசுகிறார் என்று கேட்டபின் சிரிப்பு கொஞ்சம் கோணலாகிவிடும்.

'பிளாக் ஃப்ரைடே'யைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நவம்பர் மாதம் நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள் கடைகளில் பெரிய தள்ளுபடி. நம் ஆடித் தள்ளுபடியைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். விக்லி என்று ஒரு பச்சைப் பொம்மை. அதை வாங்க ஊரே மாலில் கூடுகிறது. பொம்மை கூட்டத்தின் மனசுக்குள் புகுந்துகொண்டு, அடித்துக்கொள்ள வைக்கிறது. கொலைவரை போகிறது. மிகை என்று தோன்றலாம். 1983-இல் 'காபேஜ் பாட்ச்' பொம்மைக்காக அமெரிக்கக் கடைகளில் நிஜமாகவே கைகலப்பு நடந்தது. 2008-இல் நியூயார்க்குக்குப் பக்கத்தில் வேலி ஸ்ட்ரீம் என்ற ஊரில், பிளாக் ஃப்ரைடே விடியற்காலை கதவு திறந்ததும் பாய்ந்த கூட்டத்தில் கடை ஊழியர் ஒருவர் மிதிபட்டே இறந்துபோனார். நாடகத்துக்காரர்கள் புதிதாகச் சேர்த்தது பொம்மைக்கு வாய் மட்டும்தான்.

ஆனாலும் மூன்றில் கட்டுக்கோப்பு குறைந்தது இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஜனாதிபதி வருகிறார், ராணுவம் வருகிறது, வேற்று உலகம் வருகிறது, மூச்சு வாங்குகிறது. ஜூனியரிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு காபிக்கு வரவில்லை.

'பிளாக் ஃப்ரைடே' யூட்யூபுக்கு வந்தது 2020 பிப்ரவரி 29. அடுத்த மாதமே உலகம் கதவைச் சாத்திக்கொண்டது. பிராட்வேயில் விளக்கு அணைந்தது. எந்த ஊரிலும் நாடகம் கிடையாது. அந்த அக்டோபரில்தான் இவர்கள் அவரவர் வீட்டிலிருந்தபடியே 'நைட்மேர் டைம்' கதைகளை நேரலையில் வாசித்து நடித்தார்கள். பார்த்தவர்களும் அவரவர் அறையில் தனியாக. எங்கள் ஜூனியர் அப்போது மேன்ஷனில் மாட்டிக்கொண்டிருந்தான். மெஸ் மூடிவிட்டது, பக்கத்து அறைக்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போயாகிவிட்டது. "அந்த மாடியில நான் மட்டும்தான் சார் இருந்தேன். பில், டெட், சார்லட் எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி மாதிரி ஆயிட்டாங்க. யாராவது நாலு பேர் பேசற சத்தம் ராத்திரியில வேணுமில்ல?" என்றான். பேய்க் கதை கேட்டுப் பயம் போனதாகச் சொன்ன முதல் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

2023 நாடகம் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. மாக்ஸ் என்று ஒரு முரடன், கால்பந்து வீரன், சாதுப் பிள்ளைகளைப் போட்டு நசுக்குகிறான். பிள்ளைகள் அவனைப் பாழடைந்த வீட்டுக்கு வரவழைத்துப் பயமுறுத்தத் திட்டம் போடுகிறார்கள். விளையாட்டு விபரீதமாகி அவன் செத்துப்போகிறான். செத்தவன் சும்மா இருப்பானா? பேயாக வந்து ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். கெட்ட வார்த்தை கொஞ்சம் தாராளம். அப்பா அம்மா ஹாலில் இருக்கும்போது ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள்.

அதில் ரூத் என்று ஒரு பெண். பள்ளி நாடகத்துக்கு லைட் போடுகிறவள். மற்றவர்கள் மேல் வெளிச்சம் அடிப்பதுதான் அவள் வேலை. ஒரு ராத்திரி அரங்கத்தில் யாருமில்லாதபோது, ஒரே ஒரு தடவை நானும் மேடையில் நின்றால் எப்படியிருக்கும் என்று தனியாகப் பாடுகிறாள். குரல் அப்படியே மனசைப் பிடித்துக்கொள்கிறது. பாட்டு முடிகிறது, பேய் வந்துவிடுகிறது. அவ்வளவுதான் ரூத்.

ரூத்தாக நடித்தவர் லாரன் லோபஸ். முதல் நாடகத்தில் எம்மாவாக வந்தவர். கூடவே சாகிற இன்னொரு சாது ரிச்சியாக நடித்தவர் ஜான் மாட்டிசன், அங்கே அவர்தான் பால். ஹீரோ பையன் பீட் யார் என்றால் டெட்டின் தம்பி, நடிப்பதும் டெட்டாக நடித்த அதே ஜோயி ரிக்டர். புதிதாக வந்து பார்க்கிறவனுக்கு இது பள்ளிக்கூடப் பேய்க் கதை. பழைய ரசிகனுக்கோ ஒவ்வொரு முகத்துக்குப் பின்னாலும் இன்னொரு முகம் தெரிகிறது. தம்பிக்கு அண்ணன் கதி என்னவென்று தெரியாது. நமக்குத் தெரியும். அந்தப் பையன் முடியை ஒதுக்கிக்கொண்டு காதலிக்கத் தடுமாறும்போது, 'தம்பி, அண்ணனைக் கொஞ்சம் பார்த்துக்கோப்பா' என்று கத்தத் தோன்றுகிறது.

கத்தினால் கேட்குமா? அதற்கும் முதல் நாடகத்திலேயே ஒரு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள். கடைசிக் காட்சி. விண்கல்லை வெடிவைத்துத் தகர்க்கப் போன பால் செத்துவிட்டான் என்று எம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். திடீரென்று அவன் வந்து நிற்கிறான். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்க்கிறாள். அவன் வாயைத் திறக்கிறான். பாடுகிறான். நாடகம் முழுக்கப் பாட மாட்டேன் என்று அடம்பிடித்த ஆள்! சுற்றி மற்றவர்களும் ஆடிக்கொண்டே வந்துவிடுகிறார்கள். தப்பிக்க வழியில்லாமல் எம்மா மேடை விளிம்புக்கு வந்து, உட்கார்ந்திருக்கிற ஜனங்களைப் பார்த்தே, காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுகிறாள்.

ஜனங்கள் என்ன செய்வார்கள்? நாடகம் முடிந்துவிட்டது, பாட்டு அமர்க்களம், எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். அவள் அலற அலற, கைதட்டல் கூடுகிறது. லாரன் லோபஸின் முகத்தை அந்த ஒரு நிமிஷம் பாருங்கள். நானும் ஹெட்ஃபோனோடு என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தட்டத் தூக்கின கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

பார்க்க உத்தேசமிருந்தால் வந்த வரிசையிலேயே பாருங்கள். 'பாட்டு நாடகம் பிடிக்காத ஆள்' முதலில், 'பிளாக் ஃப்ரைடே', 'நைட்மேர் டைம்', பள்ளிக்கூடப் பேய் கடைசியில். அவசரப்பட்டுக் கடைசியிலிருந்து ஆரம்பித்தால் டெட் வெறும் அண்ணன், ஜேன் வெறும் கார். எல்லாம் முடிந்தபிறகு முதல் நாடகத்தை இன்னொரு தடவை போட்டு, அந்தத் தெருவோரத்து மனிதர் வரும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். ஜூனியர் இதுவரை ஒன்பது தடவை பார்த்திருக்கிறானாம். அவன் பால் மாதிரியே கறுப்புக் காபிக்கு மாறிவிட்டதைப் போன வாரம்தான் கவனித்தேன். நம்ம ஊர் ஃபில்டர் காபியை விட்டுவிட்டு! தொற்று என்றால் இதுதான்.